சோர்ந்து நிற்கும் கோழி: கையில் எடுத்ததிலிருந்து கூட்டில் திரும்ப விடும் வரை

காலையில் கூடு திறந்ததும் மற்றக் கோழிகள் எல்லாம் குதித்து ஓட, ஒன்று மட்டும் கம்பிலேயே உட்கார்ந்திருக்கிறது. இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கழுத்தை உள்ளே இழுத்து, வாலைத் தொங்கவிட்டு, கண்ணைப் பாதி மூடியிருக்கிறது. தீவனம் போட்டாலும் வரவில்லை. பெரும்பாலும் இது நோயின் முதல் நாளாக இருக்காது. கோழி தன் நோவை முடிந்தவரை மறைத்துக்கொள்ளும் பறவை. நலிந்ததை மற்றவை கொத்தும் என்பது அதற்குத் தெரியும். சோர்வு வெளியே தெரிகிறது என்றால், மறைக்கவும் தெம்பில்லாத நிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். அன்றைக்கே கையில் எடுக்க வேண்டும்.

இந்த இடத்தில் பெரும்பாலானோர் செய்வது, வீட்டில் இருக்கிற ஆன்டிபயாடிக் பொடியைக் குடிதண்ணீரில் கலந்து வைப்பது. அது வேண்டாம். தீனிப்பை (இரை முதலில் போய்த் தங்கும் கழுத்தடிப் பை) அடைப்பையோ, முட்டைக் கட்டையோ (முட்டை வெளியே வராமல் சிக்கிக்கொள்வது), செள்ளையோ, குடற்புழுவையோ அந்தப் பொடி ஒன்றும் செய்யாது. இரை எடுக்காத கோழி தண்ணீரும் சரியாகக் குடிப்பதில்லை. அதனால் தண்ணீரில் கலந்த மருந்து நோய்ப்பட்ட கோழிக்குப் போகாமல், நன்றாக இருக்கிற கோழிகளுக்குத்தான் போய்ச் சேரும். வரிசை இதுதான்: முதலில் சூடு, அடுத்து தண்ணீர், பிறகு கையால் முழுப் பரிசோதனை, கடைசியில் மருந்து.

தனிப்பெட்டி

கோழி நிமிர்ந்து நின்று திரும்பும் அளவுள்ள அட்டைப்பெட்டி அல்லது பிளாஸ்டிக் கூடை போதும். அடியில் பழைய துணியோ வெள்ளைத் தாளோ விரியுங்கள். மரத்தூளும் வைக்கோலும் இப்போதைக்கு வேண்டாம். எச்சத்தின் நிறம் அதில் தெரியாது. பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் சூடு இருக்க வேண்டும்: விளக்கோ, துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலோ வைத்து, அந்தப் பக்கம் 27 முதல் 30 டிகிரி செல்சியஸ் வருமாறு பாருங்கள். மறுபக்கம் சாதாரணமாக இருக்கட்டும். சூடு மிஞ்சினால் கோழி தானே தள்ளிப் போகும். வாயைத் திறந்து இரைக்கிறது, சிறகை உடம்பிலிருந்து தள்ளி வைத்திருக்கிறது என்றால் சூடு அதிகம். வெளியே வெயில் காய்கிற நாளில் விளக்கே தேவைப்படாது.

கோழியின் உடல் வெப்பம் இயல்பாகவே 40.6 முதல் 41.7 டிகிரி வரை இருக்கும். மனிதக் கணக்கில் பார்த்துவிட்டுக் காய்ச்சல் என்று பதற வேண்டாம். பார்க்க நினைத்தால் டிஜிட்டல் தெர்மாமீட்டரின் நுனியில் எண்ணெய் தடவி, எச்சத் துவாரத்தில் 2 செ.மீ. மட்டும் நுழைத்துப் பாருங்கள். கவலைப்பட வேண்டியது 40-க்குக் கீழே இறங்கும்போது. குளிர்ந்துபோன கோழிக்கு ஊட்டக் கூடாது. உடம்பு குளிர்ந்தால் குடல் நகராது. போட்ட தீவனம் தீனிப்பையிலேயே கிடந்து புளித்துவிடும். முதலில் ஒரு மணி நேரம் சூடு, அதன் பிறகுதான் வாய்க்கு ஏதாவது.

முதல் 24 மணி நேரத்துக்கான தண்ணீர்: ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் சர்க்கரை 6 தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, இரண்டும் தலை தட்டிய அளவு. மனிதர்களுக்கான அதே உப்பு சர்க்கரைக் கரைசல்தான். உப்பைக் கண்ணளவில் போடாதீர்கள். கோழியின் சிறுநீரகம் அதிக உப்பைத் தாங்காது. இரண்டு நாளுக்கு மேல் தொடரவும் வேண்டாம். பக்கத்திலேயே வெறும் தண்ணீரும் ஒரு கிண்ணத்தில் இருக்கட்டும்.

தானாகக் குடிக்கவில்லை என்றால் அலகின் நுனியைத் தண்ணீரில் தொட்டுக் காட்டுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் ஊசி கழற்றிய சிரிஞ்சில் எடுத்து, மூடிய அலகின் ஓரத்தில் ஒரு சொட்டு வையுங்கள். நாக்கு அசைந்து விழுங்கியதைப் பார்த்த பிறகு அடுத்த சொட்டு. அலகைத் திறந்து நடு நாக்கில் பீய்ச்சினால் என்ன ஆகும் என்று தெரிய, நல்ல கோழி ஒன்றின் வாயைத் திறந்து பாருங்கள்: நாக்கு முடியும் இடத்துக்குச் சற்றுப் பின்னால், வாயின் கீழ்ப்பக்கத்திலேயே, திறந்து மூடும் ஒரு சிறு பிளவு தெரியும். அதுதான் மூச்சுக்குழாய் வாய். அதற்குள் தண்ணீர் போனால் அடைத்து அங்கேயே சாகும். தப்பினாலும் சில நாளில் நுரையீரல் கெட்டுச் சாகும். அவசரமாக ஊட்டி இழந்த கோழிகளுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான்.

கைப்பரிசோதனை

எடுப்பதற்கு முன் இரண்டு நிமிடம் எட்ட நின்று பாருங்கள். மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடுகிறதா? நொண்டுகிறதா? நிமிர்ந்து, உடம்பைச் செங்குத்தாக வைத்து நிற்கிறதா? கையில் எடுத்ததும் பதற்றத்தில் இவை எல்லாம் மறைந்துபோகும்.

முதலில் தராசு. ஒரு கூடையை வைத்துப் பூஜ்யமாக்கி, கோழியைத் துணியில் சுற்றி வைத்து எடை குறியுங்கள். இனி தினமும் காலையில், தீவனத்துக்கு முன், இதே நேரம். கோழி தேறுகிறதா தேய்கிறதா என்பதை முகத்தைவிடத் தராசு முன்னால் சொல்லும்.

பிறகு தலையிலிருந்து வாலுக்கு வாருங்கள். கொண்டை வெளிறியிருந்தால் இரத்தம் குறைவு: செள்ளு, புழு, இரத்தக் கழிச்சல் மூன்றையும் தேட வேண்டும். நீலம் பாய்ந்திருந்தால் மூச்சோ இரத்த ஓட்டமோ தடைபடுகிறது. கண்ணில் நுரை, மூக்கில் ஒழுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். வாயைத் திறந்து மஞ்சள் படலம் உண்டா என்று பார்த்து, மோந்தும் பாருங்கள்; புளித்த மாவு வாசம் வந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது.

அடுத்து நெஞ்செலும்பு. விரலை மேலிருந்து கீழாக ஓட்டினால் இருபுறமும் சதை திரண்டு இருக்க வேண்டும். கத்திமுனை போல எலும்பு தட்டுகிறது என்றால் இளைப்பு வாரக்கணக்கில் நடந்திருக்கிறது. இன்றைக்குப் பிடித்த நோய் அல்ல. வயிற்றைப் பின்பக்கத்தில், இரண்டு கூர் எலும்புகளுக்கு நடுவே தொட்டுப் பாருங்கள். முட்டையிடும் கோழிக்கு அந்த எலும்புகளுக்கு இடையே இரண்டு மூன்று விரல் கொள்ளும். முட்டை நின்ற கோழிக்கு ஒரு விரல்தான். வயிறு தண்ணீர் நிரப்பிய பலூன் மாதிரித் தளும்பினால் உள்ளே நீர் கோத்திருக்கிறது. மஞ்சள் கரு வயிற்றுக்குள் விழுந்து அழற்சி கண்ட கோழிகளும் இப்படித்தான் இருக்கும். அது வீட்டு வைத்தியத்துக்கு அடங்குவதில்லை, மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

எச்சத் துவாரத்தைச் சுற்றி இறகைப் பிரித்து, டார்ச் அடித்துப் பாருங்கள். கடைசியாக உள்ளங்கால். நடுவில் கருப்பு வடுவும் சுற்றிலும் வீக்கமும் சூடும் இருந்தால் கால் ஆணிப் புண். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் 15 நிமிடம் ஊறவைத்து, பொவிடோன் அயோடின் தடவி, பஞ்சு வைத்துக் கட்டித் தினமும் மாற்றுங்கள். உள்ளே கெட்டியான சீழ்க்கட்டி இருந்தால் தோண்டி எடுக்க வேண்டியிருக்கும். வலி மரக்கவைக்காமல் அதை வீட்டில் வெட்டுவது கொடுமை.

எச்சம் சொல்வது

நல்ல எச்சம் பழுப்போ கரும்பச்சையோ, மேலே வெள்ளைத் தொப்பி. நாளைக்கு இரண்டு மூன்று முறை குழைவாக, கடுகு விழுது போல, மூக்கைத் துளைக்கும் நாற்றத்தோடு ஒன்று வரும். அது குருட்டுக்குடலிலிருந்து வருவது, பேதி இல்லை. பளிச்சென்ற பச்சையில் கொஞ்சமாக, தண்ணீராக வந்தால் பல நேரம் பட்டினி கிடக்கிறது என்றுதான் அர்த்தம்: உணவில்லாத குடலில் பித்தம் மட்டும் இறங்குகிறது. எச்சத்தில் எப்போதாவது சிவந்த சதைத் துணுக்கு தெரிவது குடலின் மேல்தோல் உதிர்வதால், அதற்கும் பயம் வேண்டாம். திரும்பத் திரும்ப இரத்தமாக, சாக்லேட் நிறக் குழம்பாக வருவது வேறு.

அது இரத்தக் கழிச்சல், குடலில் வாழும் ஒட்டுண்ணியால் வருவது. பெரும்பாலும் குஞ்சுகளையும் வளரும் பருவத்துக் கோழிகளையும், புது இடத்துக்கு வந்தவற்றையும் பிடிக்கும். இதற்கான ஆம்ப்ரோலியம் மருந்தின் கணக்கைத் தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் திரவத்துக்கும் பொடிக்கும் அளவு குழம்புகிறது. தேவை 0.024 சதவீதம். 9.6 சதவீதத் திரவமாக இருந்தால் லிட்டருக்கு 2.5 மி.லி.; 20 சதவீதப் பொடியாக இருந்தால் லிட்டருக்கு 1.2 கிராம். ஐந்து நாள், தினமும் புதிதாகக் கலந்து, வேறு தண்ணீரே கண்ணில் படாமல். அதன் பின் கால் பங்கு அளவில் (திரவம் லிட்டருக்கு 0.6 மி.லி., பொடி 0.3 கிராம்) ஒன்று முதல் இரண்டு வாரம். ஆம்ப்ரோலியம் வேலை செய்வதே தயமின் என்ற பி1 வைட்டமின் போல நடித்து ஒட்டுண்ணியை ஏமாற்றித்தான். அந்த நாட்களில் பி வைட்டமின் டானிக் கொடுத்தால் மருந்தின் கையைக் கட்டிப்போட்டதுபோல ஆகிவிடும். டானிக் கொடுப்பது இந்த மருந்து முடிந்த பிறகுதான். கூட்டத்தில் ஒன்றுக்கு வந்தால் கூட்டிலுள்ள அத்தனைக்கும் கொடுங்கள். தரையை ஈரமில்லாமல் காயவையுங்கள். எச்சத்தில் வரும் ஒட்டுண்ணி முட்டைகளை பிளீச்சிங் கரைசல் கொல்லாது, உலர்ச்சிதான் அவற்றை அடக்கும்.

தீனிப்பை: இரவில் தொட்டு, விடியலில் தொட்டு

அடிக்கடி பார்க்கிற, அடிக்கடி தவறாகக் கையாளப்படுகிற கோளாறு இது. தீனிப்பை நெஞ்சின் மேல், கழுத்தடியில், கோழியின் வலப்பக்கம் தள்ளி இருக்கும். மாலையில் அடைவதற்கு முன் எலுமிச்சை அளவுக்கோ அதைவிடப் பெரிதாகவோ நிரம்பியிருப்பது இயல்பு. இரவு முழுக்க மெல்ல இறங்கி, விடியலில் தொட்டால் தட்டையாக இருக்க வேண்டும். ஆகவே முதல் நாள் இரவு தீவனத்தையும் தண்ணீரையும் எடுத்துவிட்டு, அதிகாலையில் வெளிச்சம் வருவதற்கு முன் தொட்டுப் பாருங்கள். நாள் நடுவில் தொட்டுச் சொல்லும் எந்த முடிவும் செல்லாது.

விடியலில் கெட்டியாக, பிசைந்த களிமண் போல, விரல் அழுத்திய பள்ளம் அப்படியே நின்றால் அடைப்பு. நீண்ட புல், நார், நூல், படுக்கை வைக்கோல் உருண்டு கிடக்கும். மாறாக மெத்தென்று, தண்ணீர்ப் பை போல, லேசாக அழுத்தினால் களகளவென்று ஓசையோடு, வாயில் புளித்த நெடியோடு இருந்தால் அது புளித்த தீனிப்பை. கேண்டிடா என்ற ஈஸ்ட் பூஞ்சை பெருகிவிட்டது.

அடைப்புக்கு: தேங்காய் எண்ணெயைக் குளிர்பெட்டியில் உறையவைத்து, பட்டாணி அளவில் வெட்டி, நாலைந்து துண்டுகளை ஒவ்வொன்றாக அலகில் வையுங்கள். திரவ எண்ணெயை ஊற்றினால் மூச்சுக்குழாய்க்குள் போகும்; உறைந்த துண்டை அது தானியம்போல விழுங்கிவிடும், உள்ளே போய் உருகும். அரை மணி கழித்துத் தண்ணீர் 15 முதல் 20 மி.லி. கொஞ்சம் கொஞ்சமாக. பிறகு கோழியை நிமிர்த்திப் பிடித்து, கட்டைவிரலும் மற்ற விரல்களும் சேர்த்துப் பந்தை ஓரங்களிலிருந்து உடைப்பதுபோல ஐந்து நிமிடம் பிசையுங்கள். தேய்ப்பது கீழ்நோக்கி, தொண்டைப் பக்கம் ஏற்றக் கூடாது. ஒரு நாளில் நாலு முறை. முதல் 24 மணி நேரம் திடத் தீவனம் இல்லை, தண்ணீர் மட்டும். மறுநாள் விடியலில் பந்து சிறுத்திருந்தால் வழி திறந்துவிட்டது: குழைவாக நனைத்த தீவனம் ஒரு மேசைக்கரண்டி, நாளைக்கு நாலைந்து தடவை. கூடவே ஒரு கிண்ணத்தில் சிறு கல். பல் இல்லாத பறவைக்கு அரைவைப்பையில் கல்தான் பல். கல் கிடைக்காத கூட்டில்தான் அடைப்பு திரும்பத் திரும்ப வரும். இரண்டு நாளாகியும் அசையவில்லை என்றால் மருத்துவர் திறந்து எடுக்க வேண்டிய அடைப்பு அது.

புளித்த தீனிப்பைக்குப் பூஞ்சை மருந்து நிஸ்டாட்டின். கிலோ எடைக்கு 3 லட்சம் யூனிட், 12 மணி நேரத்துக்கு ஒரு முறை. ஒரு மி.லி.யில் ஒரு லட்சம் யூனிட் உள்ள திரவமாக இருந்தால், 1.8 கிலோ கோழிக்கு ஒரு வேளைக்குச் சுமார் 5.5 மி.லி. மருந்து குடலில் உறிஞ்சப்படாது, பூஞ்சையைத் தொட்டால்தான் கொல்லும். ஆகவே வெறும் தீனிப்பையில் கொடுத்து, அரை மணி கழித்து உணவு. எத்தனை நாள் என்பதை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். இரண்டாம் நாளே தெளிந்துவிட்டது என்று நிறுத்தினால் திரும்பும். இந்த நாட்களில் சர்க்கரைக் கரைசல் வேண்டாம், பூஞ்சைக்கு அதுவே தீனி.

கோழியைத் தலைகீழாகப் பிடித்து வாந்தி எடுக்கவைக்கும் பழக்கத்தை அடியோடு விட்டுவிடச் சொல்வோம். மேலே வரும் திரவம் வெளியே போகும் வழியில்தான் மூச்சுக்குழாய் வாய் திறந்திருக்கிறது.

இன்னொன்றும் மனதில் இருக்கட்டும். தீனிப்பை இறங்காமல் நிற்பது பல நேரம் நோயல்ல, அடையாளம். கீழே எங்கோ தடை: அரைவைப்பை அடைப்பு, புழு மூட்டை, வயிற்றில் நீர், முட்டைக் கட்டு. தீனிப்பையை மட்டும் சரிசெய்து அனுப்பிய கோழி ஒரே வாரத்தில் திரும்ப வந்தால், வயிற்றை மறுபடி தொட்டுப் பாருங்கள்.

முட்டைக் கட்டு

பென்குயின் போல நிமிர்ந்த நிலை, வாலை அழுத்தி அழுத்தி முக்கல், கூட்டுக்குப் போவதும் வருவதுமாகத் தவிப்பு. முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகும். அதில் சுமார் 20 மணி நேரம் ஓடு படியவே போகிறது. ஓட்டுக்குள் சுமார் 2 கிராம் கால்சியம் போகிறது. உடம்பில் கால்சியம் வற்றிவிட்டால் ஓடு மெலிவதோடு, முட்டையைத் தள்ளும் தசையும் சுருங்காது.

கையுறை போட்டு, சுண்டுவிரலில் நீரில் கரையும் வழுக்குக் களிம்பு தடவி, எச்சத் துவாரத்தில் மெதுவாக இரண்டு மூன்று செ.மீ. நுழைத்தால் முட்டை விரலில் தட்டும். தட்டினால்: கால்சியம் கார்பனேட் 1,250 மி.கி. மாத்திரை ஒன்று (அதில் கால்சியம் 500 மி.கி.), நாலாக உடைத்து ஒவ்வொரு துண்டாக. பிறகு 38 முதல் 40 டிகிரி வெந்நீரில் வயிறு முழுக நிறுத்தி 20 நிமிடம். பெரும்பாலான கோழி இரண்டு நிமிடத்தில் அடங்கித் தூங்கிவிடும். தலை தண்ணீரில் சாயாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஈரம் போக நன்றாகத் துவட்டி, துவாரத்தில் களிம்பு தடவி, இருட்டான சூடான பெட்டியில் விட்டுவிடுங்கள். ஒரு மணி நேரம் எட்டிப் பார்க்க வேண்டாம். அமைதியில்தான் முட்டை இறங்கும். வரவில்லை என்றால் இன்னொரு முறை அதே வெந்நீர்க் குளியல். வயிற்றை அமுக்கித் தள்ளாதீர்கள். உள்ளே உடைந்த ஓடு முட்டை வரும் பாதையைக் கிழிக்கும். ஒரு நாள் தாண்டினால் மருத்துவர் கால்சியம் ஊசி போட்டு எடுக்கட்டும்.

செள்ளும் பேனும்

சிவப்புச் செள்ளு பகலில் கோழி மேல் இருக்காது. கம்பின் இடுக்கில், மூலைகளில் ஒளிந்திருந்து இரவில் ஏறி இரத்தம் குடிக்கும். பகலில் கோழியை எவ்வளவு தேடினாலும் சுத்தமாகவே தெரியும், கொண்டை மட்டும் நாளுக்கு நாள் வெளிறும். இருட்டி இரண்டு மணி நேரம் கழித்து, கம்பின் அடிப்பக்கத்தை வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் இரத்தக் கோடு இழுத்தால் அதுதான். மருந்து கூட்டுக்கு: கம்பைக் கழற்றி வெந்நீர் ஊற்றி, இடுக்குகளில் கோழிக்கூட்டுக்கென அனுமதித்த செள்ளு மருந்து அடித்து, ஏழாம் நாள் மறுபடி. வெப்பமான காலத்தில் 7 முதல் 10 நாளில் அடுத்த தலைமுறை வந்துவிடும்.

பேன் கோழி மேலேயே வாழும். துவாரத்துக்குக் கீழே இறகின் அடித்தண்டில் சர்க்கரை ஒட்டியது போல முட்டைக் கொத்து. பெர்மெத்ரின் 0.25 சதவீதப் பொடியை இறகைப் பிரித்துத் தோலில் படும்படி துவாரத்தைச் சுற்றியும் சிறகடியிலும் தூவுங்கள். முட்டையை அது கொல்லாது, ஆகவே 7 முதல் 10 நாளில் இரண்டாம் முறை. பூனைக்கும் மீனுக்கும் இது நஞ்சு.

சளி, தும்மல், கண்ணில் நுரை வந்தால் காரணம் கண்ணுக்குத் தெரியாது. கிருமி நாலைந்து வகை, மருந்து வேறு வேறு. மருத்துவரிடம் கேட்டே கொடுங்கள். டெட்ராசைக்ளின் வகை கொடுக்கச் சொன்னால் அந்த நாட்களில் கிளிஞ்சல் தூளை எடுத்துவிடுங்கள், கால்சியம் மருந்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும்.

கை வைக்கக் கூடாத நேரம்

ஒரே நாளில் இரண்டு மூன்று படுத்துவிட்டன, எந்த அறிகுறியும் இல்லாமல் ஒன்று செத்துக் கிடக்கிறது, கழுத்து முறுக்கிக்கொள்கிறது, தலை வீங்கிக் கொண்டை கருநீலமாகிறது என்றால் வெள்ளைக் கழிச்சலோ பறவைக் காய்ச்சலோ இருக்கலாம். அப்போது வைத்தியத்தை நிறுத்துங்கள். செத்ததை அறுத்துப் பார்க்காதீர்கள், யாருக்கும் கோழியோ முட்டையோ கொடுக்காதீர்கள், கால்நடை மருத்துவத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள். ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னும் நீட்டிப் படுக்கும் இளங்கோழிக்கு மாரெக் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம், அதற்கு மருந்தில்லை.

இதற்கு நேர்மாறாக, நோயே இல்லாதவையும் உண்டு. இறகு உதிர்க்கும் கோழி முட்டை நிறுத்தி, ஒதுங்கி, கொண்டை சுருங்கி நிற்கும். அடைக்கோழி கூட்டை விட்டு இறங்காது, தொட்டால் சீறும், நாளுக்கு ஒரு முறை பெரிய நாற்ற எச்சம் போடும். இரண்டும் எடை சட்டென்று இழக்காது. தராசு வைத்திருப்பதன் பயன் இதில் தெரியும்.

குறிப்பேட்டில் ஒரு நாளுக்கு ஒரு வரி போதும்: "காலை 6 மணி, எடை 1,740, தீனிப்பை பாதி மெத்து, எச்சம் 5, பச்சை 3, தண்ணீர் 60 மி.லி., நனைத்த தீவனம் 2 கரண்டி." நல்ல முட்டைக்கோழி ஒரு நாளில் 200 முதல் 250 மி.லி. தண்ணீரும் 100 முதல் 120 கிராம் தீவனமும் எடுக்கும். அந்தக் கணக்குக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது வரிக்கு வரி தெரியும். மூன்று நாள் எடை தொடர்ந்து இறங்கினால் கணிப்பு தவறு, மறுபடி முதலிலிருந்து கை வைத்துப் பாருங்கள்.

மருந்து கொடுத்த நாட்களிலும், உறையில் போட்டிருக்கிற விலக்கு நாட்கள் முடியும்வரையிலும் முட்டையைத் தின்ன வேண்டாம். ஒவ்வொரு முறையும் கை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சால்மோனெல்லா என்ற கிருமி பல நேரம் கோழிக்கு எதுவும் செய்யாமல் மனிதரைப் படுத்தும்.

தானாக இரை எடுத்து, எடை இரண்டு நாள் ஏறி, எச்சம் தேறிய பிறகு கூட்டத்தோடு சேர்க்கலாம். ஒரேயடியாக விடாமல் முதலில் இரண்டு நாள், மற்றவை பார்க்கும்படி கம்பி வலைக்குப் பின்னால் வையுங்கள். பிறகு இருட்டிய பின் கம்பில் ஏற்றி விடுங்கள். மறுநாள் காலை கூடு திறக்கும் நேரத்தில் பக்கத்தில் நில்லுங்கள், தீவனத்தை இரண்டு மூன்று இடத்தில் பிரித்து வையுங்கள். வந்த கோழியை மற்றவை அதிகம் துரத்துவது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். கொண்டையில் இரத்தம் வந்தால் உடனே திரும்ப எடுத்துவிடுங்கள்.